முனிரத்தினத்தின் ஸ்ட்ரெயின்

நேற்று மருந்துக்கடையில் இருமலுக்கு மாத்திரை கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது புது ஸ்ட்ரெயின் சார், ஊரே இருமிக்கினுதான் கீது" என்றார். முதலில் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் நான் போட்ட ஆட்டம் உங்களுக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில், பொன்னேரிப் பக்கம் ஒரு விதைநெல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. இரண்டு மாதப் பயிற்சியில் என் மண்டையில் தங்கியது அந்த ஒரு சொல்தான். ஒரே தாய்ச்செடியின் வழி வந்து, எத்தனை முறை விதைத்தாலும் தாயின் குணம் பிசகாமல் நிற்கிற வம்சம்தான் ஸ்ட்ரெயின். அதற்கென்று ஓர் எண் கொடுப்பார்கள். எண் இல்லாதது வெறும் நெல். இதை நெல்லோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. லாட்ஜில் என்னைக் கடித்த மூட்டைப்பூச்சியைக்கூட "நல்ல ஸ்ட்ரெயின்" என்பேன். குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, அந்தக் குடம் நான்தான்.

வயலில் இறங்கினால் இன்னும் மோசம். ஒரு கதிர் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றாலும் கலப்பு என்று வேரோடு பிடுங்கி வரப்பில் எறிவேன். விதைத்தவன் முகம் அப்போது சுருங்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் முனிரத்தினம் வந்தார். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, காயல் தண்ணீர் ஏறுகிற இடத்தில் அவருக்குத் துண்டு நிலம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை நீ என்பேன். ஒரு வருஷம் உப்புத் தண்ணீர் ஏறி வயலெல்லாம் கருகியபோது, ஒரே ஒரு குத்து நெல் மட்டும் பச்சையாக நின்றதாம். அதன் மணிகளை எடுத்து மூன்று வருஷம் வயல் மூலையில் விதைத்துப் பெருக்கியிருந்தார். தோள்துண்டின் முனையில் முடிந்துவந்த ஒரு பிடியை என் மேசைமேல் அவிழ்த்தார்.

"உப்புல நிக்குது சார். மூணு தபாவும் நின்னுச்சு. நீங்க பாத்து ஒரு நம்பர் குட்த்துட்டீங்கன்னா, எங்காண்ட யாரும் நெலத்த உட்டுட்டு ஓட வாணாம்."

"வீட்ல இன்னும் எவ்வளவு இருக்கு?"

"மூணு படி கீது சார்."

"எல்லாத்தையும் கொண்டா. ஒரு மணிகூட வீட்ல வெச்சிக்காதே. வேற நெல்லோட கலந்தா ஸ்ட்ரெயின் கெட்டுடும்."

அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கியது. மறுநாள் காலையில் அந்தப் பிடியோடு மூன்று படியையும் தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்துவிட்டார். துணிப்பையின் வாயை அவர் மனைவி நெருக்கித் தைத்திருந்தாள். ஆராய்ச்சிப் பண்ணைக்கு அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இன்று நாளை என்று சோம்பியதில், பை மூன்று வாரம் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி முகாம் வந்தால், சோதனை முடிந்த சாம்பிள் நெல்லைக் குத்திச் சமைத்துப் போடுவோம். யாராவது கேட்டால் ருசிப் பரிசோதனை. அப்படி ஒரு முகாம் நாளில் பியூன் காசி வந்து, "எந்தப் பைய எடுக்கட்டும் சார்?" என்றான். நான் அதிகாரிக்குக் காட்ட வேண்டிய அறிக்கையை அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல், "கீழ்த்தட்டுல இருக்கிறத எடுத்துக்கோ" என்றேன்.

அதிகாரி மூன்று தடவை சோறு வாங்கினார். "என்னய்யா, பூ மாதிரி இருக்கு! எந்த ஸ்ட்ரெயின் இது?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். தையல் பிரித்த பை மட்டும் காலியாகக் கிடந்தது. உதறிப் பார்த்தேன், ஒரு மணி விழவில்லை. திரும்பி வந்து வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, என் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த விதைப்புக்கு முனிரத்தினம் வந்தார். கையில் ஒரு சொம்பு எருமைத் தயிர்.

"நம்ம ஸ்ட்ரெயின் இன்னா ஆச்சு சார்?" அந்தச் சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருப்பார் போல.

"முளைக்கல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. நீ வெயில்ல ஜாஸ்தி காயவெச்சிருப்பே. உள்ள உயிரே இல்ல."

"ஊட்ல சொல்லிச்சு சார், காஞ்சது போதும், வாரிடுன்னு. நான்தான் கேக்கல" என்றார். தயிர்ச் சொம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்த ஒரு தொழிற்சாலையின் வாசலில் அவரைக் காக்கிச் சட்டையில் பார்த்தேன். நிலத்தை விட்டுவிட்டாராம். எனக்கு சல்யூட் அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொரு காவலாளியிடம், "சாரு நமக்கோசரம் எவ்ளோ பாடுபட்டாரு தெரியுமா? நான்தான் வெயில்ல போட்டுக் கெட்த்துட்டேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைக்கூடச் சொல்லாத படுபாவி நான்.

இப்போது முனிரத்தினம் இல்லை. அலுவலகத்தையும் இடித்தாயிற்று. அவர் நிலத்தில் வேலிமுள் மண்டிக் கிடக்கிறது. உப்பில் நின்ற அந்த நெல்லில் உலகத்தில் எங்கும் ஒரு மணி மிச்சமில்லை. அதன் கடைசிக் கவளத்தைத் தின்றவன் நான். சோறு நன்றாகத்தான் இருந்தது.