பதினெட்டு வயசு ஆகட்டும்

பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்வது அவர் தொழில். அதனால் சொந்தக்காரர்களிடையே அவருக்குப் பல்லுக்காரர் என்றே பேர். மெழுகில் பல் அடுக்குவார், ஈறு நிறத்தில் பிசின் ஊற்றுவார், அரத்தால் ராவி ராவிக் கையால் தடவிப் பார்ப்பார். எது பொருந்தும், எது உறுத்தும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர், வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். மகளுக்கு மதம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகட்டும், அவளே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

காரணம் அவருடைய அப்பா. பிள்ளைகளை விடியும் முன்பே எழுப்பிச் சுவரைப் பார்த்து நிற்கவைத்துப் பிரார்த்தனை வரிகளை ஒப்பிக்கச் சொல்வார். ஒரு சொல் பிசகினால் முதலிலிருந்து. அழுதால் அதற்கும் முதலிலிருந்து. அக்காவுக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தம்பியான இவருக்குத்தான் நாக்குப் புரளாது. வேலை கிடைத்துத் தனி அறைக்குப் போனதும் அவர் செய்த முதல் காரியம், வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கியதுதான். வழிபாட்டுக் கூடத்துப் பக்கம் அதற்கப்புறம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறாள். மகள் பிறந்தபோதே அவளிடம் இதைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ஆனா நாளைக்கு அவ கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாள் அவள்.

அக்காவுக்குத்தான் வயிறு எரிந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்தவள், ஃபோன் போட்டுக் கேட்டாள். "பதினெட்டு வயசு வரைக்கும் அவளுக்குப் பேச்சுக் கத்துக்குடுக்காம இருப்பியாடா? எந்த பாஷை வேணும்னு அவளே பார்த்து எடுத்துக்கட்டும்னு விடுவியா?"

"பாஷை வேற, இது வேறக்கா."

"என்ன வேற? சொல்லு."

வேலை இருக்கு என்று ஃபோனை வைத்துவிட்டார். மறுநாள் பட்டறையில் ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தபோது பிரமாதமான பதில் ஒன்று வந்தது. யாரிடம் சொல்வது? எதிரே பிளாஸ்டர் தாடைகள்தான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன.

மகள் வளர்ந்தாள். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி போடுவதால் வீட்டில் அவளை வக்கீல் என்றே கூப்பிட்டார்கள். கடவுள் இருக்கிறாரா என்று ஒருநாள் கேட்டாள். இருக்கிறார் என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்று சிலர் சொல்கிறார்கள் என்றார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பெரியவளாகு, பேசுவோம்."

நடுநிலையாக நடந்துகொண்டதாக அவருக்கு அன்று ஒரு திருப்தி.

வயதான காலத்தில் பல்லுக்காரருடைய அப்பாவின் முறுக்கு தளர்ந்திருந்தது. வக்கீலோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார். தோற்றால் காய்களைக் கலைத்துவிட்டு, காற்றடித்தது என்பார். பேத்தியிடம் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மகன் வேண்டாம் என்று சொல்லியிருந்தான், அதனால் பேசவில்லை. வக்கீலுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது அவர் தவறிவிட்டார்.

இறுதிப் பிரார்த்தனைக்குக் கூடம் நிறைந்திருந்தது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வக்கீல் மட்டும் எல்லோரும் எழுந்த பிறகு எழுந்தாள், எல்லோரும் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தாள். பேரப்பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வரி சொல்லட்டும் என்றார்கள். மூக்கு ஒழுகுகிற பொடிசுகூட முன்னால் போய் மழலையில் சொல்லிவிட்டு வந்தது. வக்கீலின் முறை வந்தது. அப்பாவோடு போய் நின்றாள். உதடு பிரியவில்லை.

"பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. அத்தை முன்னால் வந்து அவளுக்காக அந்த வரியைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள், முகம் வீங்கி வெளியே வந்தாள்.

"தேர்ந்தெடுத்துக்கோன்னு சொன்னீங்களேப்பா. எதுலேருந்து? எதையாவது காட்டியிருக்கீங்களா?"

"நம்பிக்கை இல்லாம சும்மா ஒப்பிக்கறதுல என்னம்மா இருக்கு?"

"நம்பிக்கையப் பத்தி யார் பேசினா? தாத்தாவுக்காக ஒரு வரி சொல்லத் தெரியல எனக்கு. அவ்வளவுதான்."

அடுத்த வாரமே அத்தையிடம் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினாள். பதினெட்டு வயசு ஆகட்டும் என்று பல்லுக்காரர் ஆரம்பித்தார். மனைவி விடவில்லை.

"அவளே தேர்ந்தெடுத்துக்கட்டும்னு சொன்னது நீங்கதான். இப்ப கேக்கறா."

பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். அந்த வாரம் ஒரு முன்பல்லை வேண்டியதற்கு மேல் ராவித் தொலைத்தார். மருத்துவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு மாலை, இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று அக்கா வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. மகள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு, மடியில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வரி தப்பும்போதெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொடுத்தாள். பல்லுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குச் சுவர், இவளுக்கு சோபாவும் பிஸ்கட்டுமா?

மகள் ஒரு சொல்லில் தடுக்கி நின்றாள். அவர் நினைப்பதற்குள் அவர் வாய் அதைச் சொல்லிவிட்டது. அந்தச் சொல்லை மட்டுமல்ல, அந்த வரியை, அடுத்த வரியை, அதற்கடுத்ததை.

மகள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"இவனுக்கா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்" என்றாள் அக்கா.

மகள் முகத்தில் சிரிப்பே இல்லை. "அன்னிக்கு என் பக்கத்துலதானேப்பா நின்னீங்க? காதுல சொல்லியிருக்கலாம்ல?"

முடிவு கட்டப் போனவர் வந்த வழியே திரும்பினார். இந்தக் கேள்விக்குப் பட்டறையிலும் பதில் கிடைக்கவில்லை, மறுநாளும் இல்லை, அப்புறமும் இல்லை. நானே சொல்லித்தருகிறேன் என்று ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார். "அத்தை போதும்" என்றாள் மகள்.

வாராவாரம் அவளைக் கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. உள்ளே போக மனமில்லை, வாசலில் நிற்கவும் கூச்சம். வண்டிகள் நிற்கும் இடத்துக்கு நடந்தார். அங்கே அக்கா மகன் காரில் சாய்ந்துகொண்டு ஃபோனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். பிரார்த்தனைப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவன்.

"நீ உள்ள போகலையாடா?"

"போறதில்ல மாமா, ரொம்ப நாளாச்சு. பின் வரிசைல உக்காந்திருக்கேன்னு அம்மா நெனச்சிட்டிருக்காங்க. சொல்லிடாதீங்க."

அக்காவிடம் போய் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவள் அழுவாள். அதை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வது? மருமகன் நகர்ந்து இடம் கொடுத்தான். இருவருமாகப் பந்தாட்டம் பார்த்தார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு வாரம் வக்கீல் செருப்பைப் போடவில்லை.

"நேரமாகலையா?"

"நான் போகலப்பா."

"இன்னிக்கா?"

"இனிமே."

"ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா? அத்தை திட்டினாளா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. தோணல, போகல." நீச்சல் வகுப்பை நிறுத்தியபோது சொன்னாளே, அதே குரலில் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் ஃபோன். "நீதானே மனசக் கலைச்ச?"

"சத்தியமா நான் வாயே திறக்கலக்கா."

"அதான்டா உன் கோளாறு. எப்பவும் வாயே திறக்கறதில்ல." வைத்துவிட்டாள்.

இத்தனை வருஷமாக அவர் வேண்டியது இதுதான். சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மகளின் அறை வாசலில் போய் நின்றார்.

"நம்பிக்கை இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லேன்."

அவள் நிமிரவில்லை. "நீங்க உங்களுத மொதல்ல சொல்லுங்கப்பா. இன்னிவரைக்கும் சொன்னதே இல்ல."

அவர், பரீட்சை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். மனைவி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அவ போனப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டீங்க. நிறுத்தினப்பவும் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கறீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

தான் சொல்லிக்கொடுத்து, அவள் கேட்டு, சண்டை போட்டு, அப்புறம் விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

"காபி இருக்கா?" என்றார்.

"ஆறிப்போச்சு. சூடு பண்ணிக்கோங்க" என்றாள் மனைவி.