அத்தைக்குக் கட்டிய வேப்பிலை

முட்டாள்களில் பல ரகம் உண்டு. சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவன் சாதாரண முட்டாள். அதே சட்டத்தைத் தன் கையால் தட்டெழுதி, ஊர்ச் சுவர்களிலெல்லாம் ஒட்டிவிட்டு, மறுமாதமே அதில் போய்த் தலையைக் கொடுத்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது நான் கெலிஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளூராட்சிச் சபைக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளனாக இருந்தேன். இந்தியாவில் பெரியம்மை இன்னும் அடங்காத காலம். தலைமன்னார்க் கப்பலில் வந்து போகிறவர்கள் எங்கள் மலைநாட்டில் ஏராளம் என்பதால், பழைய தொற்றுநோய்ச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து விளம்பரம் ஒட்டச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் செய்த சட்டம். அவன் கப்பலேறிப் பல வருஷமாகியும் அந்தச் சட்டம் கந்தோர் அலுமாரியில் சௌக்கியமாக இருந்தது. வீட்டில் அம்மை கண்டால் உடனே அறிவிக்க வேண்டும், அதிகாரி சொல்லும்வரை அந்த வீட்டார் ஒருவரும் வெளியே போகக் கூடாது, மீறினால் நீதிமன்றம். இதையெல்லாம் பிழையில்லாமல் தட்டெழுதினேன். பசை தடவி ஒட்டியதும் நான்தான்.

பிறகு வேப்பிலை கட்டினேன்.

காரணம் இருந்தது. என் தங்கச்சிக்குக் கண்டியில் தாதிப் பயிற்சிக்கு நேர்முகம் வந்திருந்தது. எங்களைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைப்பதே பெரிய பாடு. அப்பா அதற்காக அலைந்து அலைந்து, அது கையில் கிடைத்த பிறகுதான் கண்ணை மூடினார். அதனால்தான் அவளால் விண்ணப்பமே போட முடிந்தது. வயதெல்லை அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த ஒரு தடவை விட்டால் விட்டதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் புசல்லாவையிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, நேர்முகத்துக்கு முதல் நாள் பெண் கேட்டுத் தட்டோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். அவர் மகனுக்கு என் தங்கச்சி முறைப்பெண். அத்தை தட்டோடு படியேறிவிட்டால் அம்மா இல்லையென்று சொல்லமாட்டார். நாத்தனார் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. அந்தக் காலத்தில் பயிற்சி முடியும்வரை தாதிமார் கல்யாணம் செய்யக் கூடாது. ஆகவே தட்டு முந்தினால் தங்கச்சி புசல்லாவைக்கு, நேர்முகம் முந்தினால் ஆஸ்பத்திரிக்கு. அத்தையை ஒரே ஒரு நாள் வாசலில் நிறுத்தினால் போதும்.

எங்கள் ஆட்கள் வேறெதற்கும் நிற்கமாட்டார்கள். மழைக்கு நிற்கமாட்டார்கள், நாய்க்கு நிற்கமாட்டார்கள். வாசலில் வேப்பிலை தொங்கினால் நிற்பார்கள். அந்த வீட்டுக்குள் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊர் ஈரத்துக்கு வேம்பு பிழைக்காது. கண்டிச் சந்தைக்கு மாத்தளைப் பக்கத்திலிருந்து வரும் கட்டு ஒன்றை வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்தேன். நிற்க எனக்கு நல்ல இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவரும் வரவில்லை.

"ஆத்தா பேர்ல வெளையாடாதடா" என்றார் அம்மா. ஆனால் கயிறு எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். தங்கச்சி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி நிலைப்படியைப் பார்த்தாள். "இது எங்க போயி முடியப்போகுதோ" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அத்தை வந்தார். படியில் வைத்த காலை எடுத்தார். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த நான், என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தை நேரே பஸ்ஸுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. அவர் போனது அரசாங்க மருந்துச்சாலைக்கு. அம்மை வீட்டு வாசலில் நின்றுவிட்டேன், எனக்கு இப்பவே அம்மைப்பால் குத்துங்க என்று கையை நீட்டியிருக்கிறார். எந்த வீடு என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை. தங்கச்சி வெள்ளைச் சேலை கட்டி, சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, வேலிக்கு அப்பால் காக்கி உடையில் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு நின்றார். எங்கள் சபையின் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் எல்லாருக்கும் அவர் பீ.எச்.ஐ. மாத்தயா. யாழ்ப்பாணத்துக்காரர், நெளிவு சுளிவு இல்லாத மனிதர். தன் தொப்பிக்குள் ஓணானை விட்டது யார் என்று அவர் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்மேல்தான் சந்தேகம். சந்தேகம் சரியானதே.

"ஒருத்தரும் படலை தாண்டக் கூடாது" என்றார், வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு. "ஆருக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல ஐயா. சும்மா கட்டினது."

"வேப்பிலைய ஆரும் சும்மா கட்டுவினமோ? இந்தக் குளிருக்க வேம்பே முளைக்காது. காசு குடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறீர்."

அத்தை, தட்டு, முறைப்பெண் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை ஒரே தடவையில் நான் பேசியதில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முடிஞ்சுதோ? அம்மை வந்த வீட்டில எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவினம். கதைதான் வேற வேற. உம்மட கதை கொஞ்சம் நீளம்."

தங்கச்சி முன்னால் வந்தாள். "ஐயா, எனக்கு இன்னிக்குத்தான் இன்டர்வியூ. தாதிப் பயிற்சிக்கு. பகலுக்குள்ள நான் கண்டியில நிக்கணும்."

"தாதியாகப் போற பிள்ளையோ? அப்ப உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

"இந்தியாவில இருந்து ஆரும் வந்தவையோ?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா, பொய் சொல்ல வராத அம்மா, சொல்லிவிட்டார். "போன கெழம எங்கண்ணன் திருச்சியிலருந்து வந்து தங்கிட்டுப் போனாருங்க."

பீ.எச்.ஐ.யின் முகம் மாறியது. அதுவரை அதில் எங்கோ ஒரு மூலையில் ஓணான் கிடந்தது. இப்போது இல்லை. "மூண்டு பேரும் வெளிச்சத்துக்கு வாருங்கோ" என்றார். அம்மாவின் கைகளைப் பார்த்தார். தங்கச்சியின் நெற்றி, கழுத்து. பிறகு என் சட்டைக் கொலரை விரலால் விலக்கினார்.

நேற்றிலிருந்தே தோளில் அரிப்பு. புதுச் சவர்க்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. அவர் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். கழுத்திலிருந்து முழங்கைவரை சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

"இது என்ன?"

"தெரியல ஐயா." இதுவும் உண்மைதான். உண்மைக்கு அன்றைக்கு ராசியே இல்லை.

தங்கச்சி என் தோளைப் பார்த்தாள். நான் விளையாட்டாக வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டாளோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய டொக்டர் கம்பளையில கிளினிக்கில நிக்கிறார். பின்னேரம் வந்து பாப்பார். அதுவரைக்கும் இஞ்சதான்." பீ.எச்.ஐ. வேலிக்கு வெளியே கல்லொன்றின்மேல் உட்கார்ந்தார். "நான் வேலைக்கு வந்த புதுசில ஒரு வீட்டுச் சனத்தை நம்பினனான். கலியாண வீடு எண்டு அழுதினம். போகட்டும் எண்டு விட்டனான். அந்தக் கலியாணத்தோட ஊரெல்லாம் அம்மை."

கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் வந்தது. நின்றது. போனது. தங்கச்சி உறையை மார்போடு அணைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது பகிடி சொல்லி ஒப்பேற்றியிருப்பேன். அடுத்த பஸ்ஸும் போனது.

பயிற்சிப் பள்ளி கண்டிப் பெரியாஸ்பத்திரி வளவுக்குள்தான் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் முந்தைய யோசனைகளின் லட்சணத்தைப் பார்த்தால், அதை அப்போதே கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.

"ஐயா, எனக்குக் காய்ச்சலும் இருக்கு" என்றேன். "முதுகு வலி. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு. அம்மையேதான்."

"முதல்ல இல்லையெண்டீர்."

"பயத்துல மறைச்சேன். நோயாளிய ஒடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு இருக்கே. ஒரே வீட்டுல கூட இருந்தவங்களயும் டொக்டர் பாக்கணும்ல. நான்தானே டைப் அடிச்சேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தங்கச்சியின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். நான் சொன்ன உண்மை அவருக்குப் பொய்யாகப் பட்டது. இந்தப் பொய் என்னவாகப் பட்டதோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க உங்கள் மூண்டு பேரையும் தனி வார்டில போட்டுப் பூட்டலாம். கன நாளைக்கு. யோசிச்சுச் சொல்லும்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். "போவோம்" என்றாள்.

வாடகைக் கார்க்காரர் அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது எங்கள் சபையின் குப்பை லொறி. அம்மாவும் தங்கச்சியும் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில். பால் குத்திய தழும்பைக் காட்டிய பிறகுதான் சாரதி அவர்களை ஏற்றினார். பின்னால் நான். எனக்கெதிரே, ஒரு கையால் பலகையையும் மறுகையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு, பீ.எச்.ஐ. மாத்தயா. தகரப் பீப்பாய்களில் நேற்றைய கெலிஓயா முழுவதும் இருந்தது. பேராதனைப் பூந்தோட்டத்தைக் கடக்கும்போது, பூக்களைப் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அந்த ஓணான்" என்றார் அவர் திடீரென்று.

"நான்தான் ஐயா."

"தெரியும்."

பாலத்தில் லொறி குலுங்கியது. எனக்கு உண்மையிலேயே வாந்தி வந்தது. அதை அவர் ஒரு குறியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விடாமல், ஒரு மூலைக் கொட்டிலில் வாங்கில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் பயிற்சிப் பள்ளியின் கதவு தெரிந்தது. வெள்ளைச் சேலைப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், வந்தார்கள். வெளியே நின்ற வரிசை குறைந்துகொண்டே வந்தது. டொக்டர் வரவில்லை. ஒரு சிற்றூழியர் தூரத்தில் நின்று, வார்டுச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என் நாத்தனாருக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்" என்றார் அம்மா. வரிசையில் நாலைந்து பேர்தான் மிச்சம்.

டொக்டர் வந்தார். வயதான சிங்களப் பெண்மணி. என் சட்டையைக் கழற்றச் சொன்னார். உள்ளங்கை, நாக்கு, கண் எல்லாம் பார்த்தார். தோளை மட்டும் வெகுநேரம் பார்த்தார். நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சிறு இடுக்கியால் என் தோளிலிருந்து எதையோ பிடுங்கி, வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பாக ஒரு மயிர்.

"தோளில் என்ன சுமந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வேப்பிலை."

அவர் பீ.எச்.ஐ.யைத் திரும்பிப் பார்த்து, கம்பளிப்பூச்சி என்றார். பஸ்ஸில் எனக்கு அவ்வளவு தாராளமாக இடம் கிடைத்தும், தோளில் எனக்குத் துணையாக ஒரு குடும்பமே வந்திருக்கிறது. அம்மாவையும் தங்கச்சியையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையசைத்தார். சிற்றூழியர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

தங்கச்சி அதற்குள் எழுந்துவிட்டாள். வெள்ளைச் சேலையின் முந்தானையில் கெலிஓயாக் குப்பையின் கறை ஒன்று இருந்தது. அதை மடித்துச் செருகிக்கொண்டு, ஓடாமல், ஆனால் ஓட்டத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் முற்றத்தைக் கடந்தாள். கதவடியில் நின்ற பெண் பெயர்ப் பதிவேட்டை மூடப் போனவள், மறுபடி திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

நாங்கள் மரத்தடியில் காத்திருந்தோம். பீ.எச்.ஐ.யும் போகவில்லை. லொறியோடு திரும்ப வேண்டும் என்று ஏதோ சொன்னார், ஆனால் லொறி எப்போதோ புறப்பட்டுப் போயிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

அவள் வெளியே வர நேரமாயிற்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் எழுந்து எதிரே போனேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய், லொறி நாற்றத்தைப் பற்றி யாரும் கேட்டார்களா, கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று என் வழக்கம்போல் நீட்டிக்கொண்டே போனேன். கடைசியில் மூச்சு வாங்கி, "என்னதான் முடிவு, சொல்லேன்" என்றேன்.

"மெடிக்கல் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்காங்க, நீ வராத."