ரத்தக்கா

“சாப்பிட்டியா?”

கைபேசி அக்காவின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருக்கும். கைகள் இரண்டும் சட்டைக் காலரைத் தையல் ஊசிக்கு அடியில் வளைத்துக்கொண்டிருக்கும். “என்னது, வெறும் டீயா? டீ எல்லாம் சாப்பாட்டுல சேர்த்தி இல்ல. தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுட்டு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடு. மூணாம் மாடி. லிஃப்ட் ஓடல, மெதுவா ஏறு.”

இந்த விசாரிப்பைப் பாசம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அக்காவுக்கு அது நிபந்தனை. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுப்பவர் மயங்கி விழுவார். ஒருமுறை விழுந்தவர் மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

சட்டைத் தையல் கூடத்தில் காலர் வைப்பது அவர் தொழில். ஒரு நாளைக்கு நூற்றிருபது காலர். அந்த வேலைக்கு நடுவேதான் இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொடுக்க ஆள் திரட்டினார். ஊர் வைத்த பெயர் ரத்தக்கா. புதிதாகக் கேட்பவர்கள் ஒரு கணம் மிரண்டுபோவார்கள். அவரோ யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓ நெகட்டிவ் தம்பி, ஏபி மாமா, கண்ணாடி போட்ட நான் ‘கண்ணாடி பி பாசிட்டிவ்’. பெயரைச் சொன்னால் அவன் யார், எந்தத் தெரு, எந்த ஆளுங்க என்று பின்னாலேயே கேள்வி வரும். குரூப்பைச் சொன்னால் ஒன்றும் வராது. இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அலமாரி நிறையப் படித்த எனக்கு இந்த இடத்துக்கு வந்துசேர அரை ஆயுள் ஆயிற்று.

“எங்க பொறந்த நாள் இந்த அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. ஊர்ல இருக்கவன் ரத்தம் குடுத்த தேதி மட்டும் நுனி நாக்குல இருக்கும்” என்று மகள் சண்டை பிடிப்பாள். “நான் மறந்தா உனக்கு வயசு ஏறாதுல்ல? சந்தோஷப்படுடி” என்பார் அக்கா. அதே மகளின் பள்ளி இறுதித் தேர்வுக்கு மூன்று வாரம் அவளுக்கு முன்னால் எழுந்து, வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக் கூட்டிக் கேள்வி கேட்டவரும் இவர்தான். பதில் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. மகள் தடுமாறினால் தெரியும். “இழுக்கற. மறுபடி படி.”

அந்த மகளைப் பெற்ற அன்று அக்கா பிழைத்ததே பெரிது. பக்கத்து வார்டில் யாரையோ பார்க்க வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். “அந்த மனுஷன எங்க போய்த் தேடறது? வரிசையில அடுத்து நிக்கறவங்களுக்குச் செய்ய வேண்டியதுதான்” என்பார் அக்கா. அவ்வளவுதான் அவருடைய தத்துவம்.

தப்பும் செய்திருக்கிறார். ஒரு பெயிண்டர் வீட்டுக்குப் போன் போட்டு, எடுத்தது மனைவி என்றதும், வழக்கம்போல “சாப்பிட்டாரா?” என்று கேட்டுவிட்டார். அவர் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. “செத்தவர்கிட்டயுமா கேப்பீங்க?” என்று அந்தப் பெண் கத்தியதை அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுவதும், வேலை முடிந்ததும், ரத்தம் கொடுப்பவர்களைக் குறித்துவைத்த நோட்டில் இருந்த முன்னூறு எண்களுக்கும் வரிசையாகப் போன் போட்டார்.

“உசுரோட இருக்கியா?”

“இருக்கேன்க்கா. ஏன்க்கா?”

“சும்மா.”

போன மாதம் அக்கா இறந்தார். தையல் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நாலு பேர் அவரைத் தெய்வம் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷி உழைத்த உழைப்பைக் கண்கொண்டு பார்க்காமல் தப்பிக்க நமக்குத் தெரிந்த சுலபமான வழி இது. உயிரோடிருந்தபோது ஒருவர் இதையே சொன்னதற்கு, “தெய்வம்னா சும்மா உக்காந்திருக்கலாம். எனக்கு இன்னும் நாப்பது காலர் பாக்கி” என்றவர் அவர். அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லாத ஒரு காலைப்பொழுதை நான் சொல்கிறேன்.

லாரி மோதிய பதினொரு வயதுச் சிறுமி. ஏ நெகட்டிவ். அன்று மாலைக்குள் அறுவை நடந்தாக வேண்டும். ரத்த வங்கியில் பொருந்தக்கூடிய ரத்தம் ஒரு பாட்டில்கூட இல்லை. பெண் பிழைத்தாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் காலையில் அது யாருக்கும் தெரியாது.

ஓ நெகட்டிவும் பொருந்தும், ஆனால் அந்தத் தம்பி கொடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அக்காவின் நோட்டில் நாலு ஏ நெகட்டிவ். ஒருவர் முந்தின மாதம்தான் கொடுத்தவர், ஒரு பெண் கர்ப்பம், ஒருவர் வெளியூர். மிஞ்சியவர் பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கும் தொழிலாளி. “குளிச்சிட்டு அப்படியே ஓடி வா. நல்ல சட்டையெல்லாம் தேடிட்டு நிக்காத” என்று அக்கா அவசரப்படுத்தியதில் அவர் வேலைக்குப் போடும் ஆரஞ்சு மேலுடுப்போடு வந்துவிட்டார். வந்தவரை உள்ளே கட்டிலில் உட்கார வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் நான், வேறு ஒருவருக்காகக் கை நீட்டிப் படுத்திருந்தேன். கதவுக்குப் பதில் அங்கே ஒரு திரைதான்.

திரைக்கு வெளியே சிறுமியின் தகப்பன். பெரிய மளிகை வியாபாரி.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க...”

“தப்பாத்தான் நினைக்கறேன். சொல்லுங்க.”

“வேற யாராச்சும் கிடைக்க மாட்டாங்களா? அவரு சாக்கடையில இறங்கறவரு போல...”

“போல என்ன, அவருதான். உங்க வீட்டுலேர்ந்து போறதையும் அவருதான் அள்றாரு. ரத்தத்தை நல்லா சோதிச்சுத்தான் ஏத்துவாங்க, பயப்படாதீங்க. உங்கள சோதிக்கத்தான் இங்க மெஷின் இல்ல.”

“அவரு ரத்தத்தை ஏத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா. மனசு ஒப்பல.”

பெஞ்சில் சுருண்டிருந்த சிறுமியின் தாய் எழுந்த சத்தம் கேட்டது. “பெத்தவ போட்டாச் செல்லுமா?”

“ஆயிரம் தடவை செல்லும்” என்றார் அக்கா.

“அந்தத் தாளை இங்க குடுங்க. நீங்க ஒப்ப வேணாம், தள்ளி நில்லுங்க” என்றாள் தாய், கணவனிடம்.

கையெழுத்து ஆயிற்று. ஆனால் உள்ளே ஏ நெகட்டிவ் எழுந்து நின்றுவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் அவர் கைகள் சிவந்திருந்தன. அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்ததும், “அசிங்கப்பட்டுக் குடுக்கணுமாக்கா? நான் போறேன்” என்றார்.

குழந்தையின் உயிரைச் சொல்லி அக்கா கெஞ்சுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கெஞ்சியிருப்பேன். அநீதிக்கு ஆளானவனிடமே பெருந்தன்மையையும் கேட்டு வாங்கிப் பழகிய உலகம் இது.

“போறதுன்னா போ” என்றார் அக்கா. “உன் ரத்தம், உன் இஷ்டம். நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆனா போறதுன்னா உனக்காகப் போ. அந்தாளு சொன்னதுக்காகப் போகாத. அந்த மூஞ்சிக்கு அவ்வளவு மரியாதை வேணாம்.”

அவர் தலைகுனிந்து நின்றார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை நான்தான் பார்த்தேன்.

“நீ வேற மாதிரி ஆளுக்கா” என்றபடி அவர் உட்கார்ந்து மேலுடுப்பின் கையைச் சுருட்டினார். “பெரிய ஊசியா போடுவாங்களா?”

“சாக்கடைக்குள்ள எறங்கற, ஊசிக்குப் பயப்படறியே. கையை நீட்டுடா.”

பை பாதி நிறைந்திருக்கும். திரை மெல்ல அசைந்தது. வியாபாரி, கையில் ஒரு ஜூஸ் பாக்கெட். உள்ளே காலெடுத்து வைக்காமல் அதை அக்காவிடம் நீட்டினார்.

“அவருகிட்ட குடுத்துடுங்கக்கா.”

அக்கா அதை வாங்கவில்லை. சுவரோரம் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டார்.

“நீங்களே குடுங்க. உக்காந்து குடுங்க.”

வியாபாரி ஸ்டூலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். இடைவெளி குறைவாக இருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அதை அக்காவும் கவனித்திருக்க வேண்டும். குனிந்து, ஸ்டூலை இன்னும் ஒரு சாண் கட்டிலை நோக்கித் தள்ளினார்.