இரண்டாம் தடவை கேட்ட கேள்விகள்

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு அன்று இரண்டாம் தடவை போனேன். ஒரு பேராசிரியரின் ஆய்வுக்காக, வியாபாரத்தில் எது சரி, எது தவறு என்று வியாபாரிகளிடம் கேட்டு டிக் அடிக்கும் வேலை. கேட்கப் போகும் நாங்களும் அதே கேள்வித்தாளை முதலில் நிரப்பிக் கொடுத்திருந்தோம். நான்கு வாரம் விட்டு அதே ஆளிடம் அதே கேள்விகள். விடை மாறாவிட்டால்தான் கேள்வித்தாள் நம்பத் தகுந்ததாம். எனக்கு ஏற்கெனவே இரண்டு பேர் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். "இன்னொண்ணு மாறுச்சுன்னா நீங்க ஒழுங்கா கேக்கலன்னுதான் அர்த்தம். வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று பேராசிரியர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார். எம்.ஏ. முடித்து இரண்டு வருஷம் வீட்டில் திட்டு வாங்கிய பிறகு கிடைத்த வேலை அது.

கடைசி ஆள், மண்டியில் எல்லோரும் மதிக்கும் வியாபாரி. "கூடைக்கு அடியில் நசுங்கிய பழத்தைப் போட்டு, மேலே நல்லதை அடுக்குவது?" என்று வாசித்தேன். போன மாதம் "பெரிய தப்பும்மா" என்றவர், இப்போது நிதானமாக, "தப்புன்னு தோணலீங்க. தோணுனா தெனம் செய்வனா?" என்றார்.

அட மனுஷா! "அண்ணா, அன்னிக்கு வேற சொன்னீங்களே?" என்று சிடுசிடுத்தேன்.

"அன்னிக்கு சுத்தி பத்து பேரு நின்னாங்கம்மா. நல்லவனாட்டம் சொல்லிட்டன். அப்பறம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப சொல்றதுதான் நெசம்."

கேள்விக்குக் கேள்வி விடையை மாற்றினார். நான் எழுந்தபோது, "எம்பேரு கெட்டாலும் பரவால்லீங்க, அப்படியே குடுத்துருங்க" என்றார். "சரிங்கண்ணா" என்றேன்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு புதுத் தாளை எடுத்தேன். பையிலிருந்த போன மாதத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். அவர் உண்மை சொன்ன தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள், கேள்வி கேட்கும் நாங்கள் அதே தாளை இரண்டாம் தடவை நிரப்பும் முறை. கடைசிக் கேள்வி, "மேலே இருப்பவரைத் திருப்திப்படுத்தக் கணக்கை மாற்றி எழுதுவது?" போன மாதம் போலவே 'மிகத் தவறு' என்று டிக் அடித்தேன். பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பேராசிரியர் என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவங்களைப் பாருங்க, ஒண்ணுகூட மாறல. நம்பி வேலை குடுக்கலாம்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. "தாங்க்யூ சார்" என்றேன்.