போடிமெட்டு வளைவில் என் காரில் ஏறிய லோடு

இன்னைக்குக் காலையில போடிமெட்டு ஏத்தம். நல்ல சாரல். கொண்டை ஊசி வளைவுல எதிர்ல ஒரு லாரி வந்ததால காரை நிறுத்தினேன். லாரி போனதும் எடுத்தா, முன்வீலு நின்ன எடத்துலயே சுத்துது.

சின்னக் காருதான், எஞ்சின் மட்டும் முரட்டு எஞ்சின். டயரு, காய்ஞ்ச ரோட்டுல பறக்கணும்னே தேடி வாங்கினது.

பின்னால ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்திட்டு வந்த ஜீப்பு. அதோட டிரைவரு இறங்கி வந்து பார்த்தாரு.

"பின்னாடி லோடு இல்ல, அதான் வழுக்குது. ஆத்தா, மூணு பேரு இதுல ஏறுங்க."

"அண்ணே, இது முன்வீலு இழுக்குற வண்டி."

"எங்க ஜீப்புக்கு இப்படித்தான் செய்வோம், அப்பு."

ஜீப்புல இருந்து மூணு அக்காமாரு இறங்கி வந்து, என் பின்சீட்டுல ஏறி உக்காந்தாங்க. வண்டி கனத்துப்போயி, முன்வீலு முன்னைவிட இன்னும் வேகமாச் சுத்துச்சு. ரப்பர் வாடை வேற.

இறங்கச் சொன்னேன். "சீட்டு மெத்துன்னு இருக்கு, நீ வெரசாப் போ"ன்னாங்க.

கடைசியில ஜீப்பு முன்னாடி வந்து, கயிறு கட்டி இழுத்துச்சு. பாதி வழியில பின்சீட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க:

"ஏப்பு, இதுக்கு எஞ்சின் இருக்கா?"

மழைக்கு நல்ல டயர் எதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. நாளைக்கும் அந்த அக்காமாரைக் கூட்டிட்டுப் போகணுமாம்.