ஸ்லெப்பில் நின்ற தண்ணீர்

நுளம்பைப் பற்றி எழுத டொக்டர்மார் இருக்கிறார்கள், சுகாதாரப் பரிசோதகர்கள் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திய நான் என் பத்தியில் இந்த வாரம் அதைத் தொடுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

கண்டியில் நுளம்புக்கு லீவு கிடையாது. மழைக்காலத்தில் கூரைப் பீலி, சிரட்டை, தயிர்ச் சட்டி. வெயில் காலத்தில்... குழாயில் தண்ணீர் வராது என்று நாமே நிரப்பி வைக்கும் பீப்பாய். இவற்றைக் கவிழ்ப்பதும் தேய்ப்பதும் மூடுவதும் என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஆனாலும் போன வாரம் பட்டப்பகலில் கடி! கடி வாங்கியவள் மகள் — தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் டெங்கு என்று ஆஸ்பத்திரியில். எனக்கு எப்படி இருக்கும்?

மேலே ஏறிப் பார்த்தேன். மகளுக்காகக் கட்டும் மேல்மாடியின் ஸ்லெப். புதுக் கொங்கிரீட் இறுகுவதற்காக ஓரமெல்லாம் மண் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். குனிந்து பார்த்தால்... முழுக்கப் புழு நெளிகிறது.

கணவரிடம் சொன்னேன்.

"பாஸ் சொல்லாம ஒரு சொட்டு வடிக்க ஏலா. ஸ்லெப் வெடிச்சா யாரு பொறுப்பு?"

பாஸ் என்றால் எங்கள் கொத்தனார், தெல்தோட்டைக்காரர். மாலையில் வந்தார். இரண்டு ஆண்கள் பேசும் இடத்தில் போய் வாதாட எனக்கு வாய் வராது. மேலேயிருந்து ஒரு கிளாஸ் தண்ணீரை மொண்டு, தேநீர்த் தட்டிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

பாஸ் முதலில் கை வைத்தது அந்தக் கிளாஸில்தான்!

"ஐயோ, குடிச்சிராதீங்க! அது ஸ்லெப்புல நிக்கிற தண்ணி."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னக்கா, மீன் வளக்கிறீங்களா?"

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "வாப்பா, மேல்வீடு எனக்கா, நுளம்புக்கா?"

கணவர் கிளாஸை வாங்கிப் பார்த்தார். பிறகு பாஸிடம், "வடிச்சா வெடிக்குமே?" என்றார்.

"காயவிட்டாத்தாங்க வெடிக்கும். சாக்க நனைச்சு விரிச்சு, ஈரம் காயாம தண்ணி தெளிங்க. போதும்."

"இத ஏன் பாஸ் முன்னமே சொல்லல்ல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே!"

அன்றே வரம்பை வெட்டினோம். எங்கள் கடையில் கிடந்த சணல் சாக்குகளை நனைத்து விரித்தோம்.

தெரியாமல் தேங்கிய தண்ணீரைத்தான் நாம் தேடித் தேடிக் கவிழ்க்கிறோம். காரணத்தோடு தேக்கிய தண்ணீர் கண்ணில் படுவதே இல்லை. நுளம்புக்கு நம் காரணம் எதற்கு?

மறுநாள் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். காய்ச்சல் எதுவும் இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது நல்ல மழை. இவர் தும்புத்தடியோடு மேலே நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்.