படம் பார்த்தவருக்கு நான் சொன்ன கொமிக்ஸ்

முகமூடிக்காரர் பறந்து சண்டை போடும் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இதின்ரை கொமிக்ஸை எதிலை துவங்கிறது?" என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. நெல்லியடியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கே வந்து கேட்டிருக்கிறார்கள். காய்ச்சல் குளிசை வாங்க வந்த மனிதர் மருந்துத் துண்டை நீட்டியபடியே, "தங்கச்சி, முதலாம் நம்பரிலையிருந்து வாசிக்கோணுமோ?" என்பார். முதலாம் நம்பரைத் தேடிப் போனவர் யாரும் கரை சேர்ந்ததில்லை. அது அச்சானபோது எங்கள் அப்பப்பாமார் அரைக் காற்சட்டையோடு திரிந்திருப்பார்கள். நடுவில் ஏறுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பருத்தித்துறை பஸ்ஸை உடுப்பிட்டிச் சந்தியில் மறிக்கிறவர், அது எங்கே புறப்பட்டது என்று கேட்டுக்கொண்டா ஏறுகிறார்?

இந்த ஞானம் எனக்குப் பெட்டியில் வந்தது. கனடாவிலிருந்து மாமா கப்பலில் சாமான் பெட்டி அனுப்புவார். அதற்குள் சவர்க்காரம், சொக்கிளேற், உடுப்பிட்டி வெயிலுக்கு ஒன்றுக்கும் உதவாத குளிர்ச்சட்டைகள் எல்லாம் இருக்கும். அடியில் அவருடைய பிள்ளைகள் வாசித்துத் தள்ளிய கொமிக்ஸ் கிடக்கும். நல்லதைத் தாங்கள் வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பினார்கள். சண்டை தொடங்கும் இதழ் வரும், முடியும் இதழ் வராது. ஒரு பெட்டியில் செத்துப்போன ஆள் அடுத்த பெட்டியில் உயிரோடு நின்று யாரையோ அடித்துக்கொண்டிருப்பார். இடையில் என்ன நடந்தது என்று நானே யோசித்து நிரப்பிக்கொள்வேன். ஆங்கிலமும் அப்படித்தான் பிடிபட்டது. என் ஆங்கிலத்தில் மிரட்டல் கொஞ்சம் கூட என்றால் காரணம் அதுதான். அம்மா அவற்றைப் "பொம்மைப் புத்தகம்" என்பார். கலியாணம் பேசத் தொடங்கியதும் எல்லாவற்றையும் அலுமாரியின் அடித்தட்டுக்குத் தள்ளி, முன்னால் பழைய சேலைகளை அடுக்கிவிட்டார்.

மாப்பிள்ளை அளவெட்டி ஆள், இருப்பது கனடாவில். சாதகம் பொருந்தியது. லீவில் வந்தார், தாலி கட்டினார், தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனைக் கும்பிட்டோம், சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி விருந்து சாப்பிட்டோம். தனியாக இருந்து நாலு வார்த்தை கதைக்க இடம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது இரண்டு பேருக்கும் வார்த்தை வரவில்லை. அவர் திரும்பிப் போவதற்குச் சற்று முன், ஒரு மத்தியானம், குளித்துத் துடைக்கத் துவாய் எடுக்க அலுமாரியைத் திறந்தவர் சேலைகளுக்குப் பின்னால் கிடந்ததைக் கண்டுவிட்டார்.

"உதெல்லாம் உம்மடையோ?"

"ஓம்" என்றேன். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் படங்கள்தான் பாத்தனான். ஒண்டும் விட்டதில்லை. புத்தகம் தொட்டதே இல்லை. எதிலை துவங்கலாம் எண்டு நீர் சொல்லும்."

அன்றைக்குத்தான் அந்த மனிதரின் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன்.

அவர் போன பிறகு போனில் எழுதத் தொடங்கினோம். படம் பார்த்தவருக்குக் கொமிக்ஸ் சொல்வதென்றால் எனக்கு ஒரு முறை இருக்கிறது. அவர் பார்த்த படத்தின் கதையையே கையில் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்திலும் "படத்திலை இப்பிடி இல்லையே" என்று நிற்பார். எல்லாரும் ஒன்றாகக் கூடி அடிபடும் தடித்த தொகுப்பையும் கொடுக்கக் கூடாது. முதன்முதல் தேர்த்திருவிழாவுக்குப் போனவருக்குச் சனம்தான் தெரியும், சாமி தெரியாது. மெல்லிய, தானாகத் தொடங்கித் தானாக முடியும் ஒன்றைக் கொடுக்க வேண்டும். படத்தில் இரண்டரை மணித்தியாலத்தில் ஊர் காப்பாற்றப்பட்டுவிடும். புத்தகத்தில் மாதாமாதம் அதே ஊர் இடியும், அதே மனிதர் மறுநாள் வேலைக்குப் போவார். இந்த அலுப்பைத் தாங்குகிறவர்தான் வாசகர். மற்றவர்கள் படத்தோடு நிற்கட்டும், எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

அவர் தாங்கினார். ஒரு சாமான் கிடங்கில் இரவு வேலை செய்துகொண்டு, அந்த ஊர் நூலகத்தில் எடுத்து, இடைவேளையில் வாசித்தார். நான் முதலில் சொன்னது, பறக்கிறவர் ஒருவர் காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடக்கும் கதை. வில்லன் வருவதே இல்லை. வாசித்துவிட்டு எழுதினார்: "சண்டையே இல்லை. ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு. இஞ்சை எல்லாரும் வேலைக்குப் போயிடுவினம், எனக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு தேத்தண்ணி வைச்சுத் தர ஆளில்லை."

கடையில் ஆட்கள் நிற்க, அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இன்னொரு கதையின் பெயரை எழுதி அனுப்பினேன். அது அவருக்கு விளங்கியது.

இன்னொரு நாள் கேட்டார்: "செத்த ஆக்கள் திரும்பத் திரும்ப வருகினம். உது எங்களை ஏமாத்திற பேய்க்காட்டல் இல்லையோ?"

"பேய்க்காட்டல்தான். ஆனாலும் அடுத்த மாசம் வருமெண்டு பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறம்" என்று எழுதினேன்.

"ஓம். நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்று பதில் வந்தது. அவர் கொமிக்ஸைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அன்பே, ஆருயிரே என்றெல்லாம் நாங்கள் எழுதியதில்லை. எழுதச் சொன்னால் வெட்கத்தில் நான் செத்தே போயிருப்பேன், அடுத்த பெட்டியிலும் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

பிறகு அவர் என்னைக் கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் அலுவல் வந்தது. கலியாணம் மெய்யான கலியாணம்தான் என்று விசாக்காரருக்குக் காட்ட வேண்டும். இதில் எங்கள் ஊரில் எல்லாரும் பண்டிதர்கள். கேக் ஊட்டுகிற படம் வேண்டும், மாமன் மாமியோடு படம் வேண்டும், நுவரெலியாவில் குளிர்ச்சட்டை போட்டுத் தோளில் கை வைத்த படம் கட்டாயம் வேண்டும். இருவரும் போனில் எழுதிக்கொண்டதையும் அச்சடித்து வைக்க வேண்டும். அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், குடும்பத்தில் பாதிப் பேரைக் கனடாவுக்கு எடுத்தவர். தம்பியான என் கணவரும் அவருடைய வீட்டில்தான் இருந்தார். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எங்கள் செய்திகளைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"உதென்ன, ரெண்டு பேரும் படத்திலை வாற முகமூடிக்காரரைப் பற்றியே எழுதித் தள்ளியிருக்கிறியள்? விசாக்காரன் பாத்தா உது கலியாணமில்லை, நாடகம் எண்டெல்லோ நினைப்பான்? உதுகளை எடுத்துப்போட்டு, புருசன் பெண்சாதி கதைக்கிறதை மட்டும் வைப்பம்."

"அதைத்தான் மச்சாள் நாங்கள் கதைக்கிறனாங்கள்" என்றேன்.

"உமக்கு ஒண்டும் தெரியாது. நான் எத்தினை பேரை எடுத்தனான்!"

பக்கத்தில் நின்ற அம்மா என் கையைக் கிள்ளினார். "பிள்ளை, வாயைக் குடுத்து வாங்கிக் கட்டாதை. அவவுக்குத் தெரியும்" என்றார். தம்பியும் அக்காவுக்குத் தலையாட்டிவிட்டார். முகமூடிக்காரர்களை எடுத்த பிறகு மிஞ்சியது இவ்வளவுதான்: "சாப்பிட்டீரோ?" "ஓம். நீங்கள்?" "இப்பதான்." "என்ன கறி?" பக்கம் பக்கமாக அதுவே. சாப்பாட்டுக்கடைக்காரியும் வாடிக்கைக்காரரும் எழுதிக்கொண்டது போல இருந்தது.

கொழும்பில் நேர்முகம். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மச்சாள் போனில் பாடமாக்கித் தந்திருந்தார். அதிகாரி இளம் ஆள். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அதிகாரி எங்கள் கறிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காலமும் சாப்பாட்டைப் பற்றி மட்டுமா கதைத்தீர்கள்?" என்று கேட்டார்.

குடும்பம், பிள்ளைகள், வருங்கால வீடு என்று சொல்ல வேண்டிய இடம் அது. எனக்கு வாய் கேட்கவில்லை. "இல்லை, கொமிக்ஸைப் பற்றி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்த்த பெண் தடுமாறினார். நான் என் மிரட்டல் ஆங்கிலத்துக்கு மாறினேன். என் கணவர் படம் மட்டும் பார்த்தவர், நான்தான் எதை வாசிக்கலாம் என்று சொல்கிறேன், காய்ச்சல் கதை அவருக்குப் பிடித்தது, எல்லாம் சொன்னேன். அதிகாரி சிரித்தார். தானும் படங்கள்தான் பார்த்ததாகச் சொன்னார். முதலாம் நம்பரைத் தேட வேண்டாம் என்று அவருக்கும் சொல்லிவிட்டே வெளியே வந்தேன். ஊருக்கு வரும் வழி முழுக்க, கூட வந்த அம்மாவிடம், "விசா கிடைச்ச மாதிரித்தான் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிறகு விசாக்காரர் கணவரையும் போனில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். "எல்லாம் நல்லாத்தான் போச்சு" என்று சொன்னார். சில கிழமைகள் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம் எடுத்தார். அவருக்கு அப்போது காலை.

"மறுத்திட்டினம்" என்றார்.

"ஏனாம்?"

"வழக்கமாச் சொல்லுறதுதான்."

"கடிதத்தை வாசியுங்கோ."

வாசித்தார். இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று தொடங்கியது. நடுவில் குரல் தாவியது.

"ஒண்டை விட்டிட்டீங்கள். அதையும் வாசியுங்கோ."

அதையும் வாசித்தார். கணவர் தன் சொல்லைக் கேட்டுக் கொமிக்ஸ் வாசிப்பதாகவும், தாங்கள் கதைப்பது பெரும்பாலும் அதைப் பற்றியே என்றும் மனைவி கூறினார். தனக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை என்றும், மனைவிக்கு அப்படி ஒரு விருப்பம் இருப்பதே தெரியாது என்றும் கணவர் கூறினார்.

விசா இல்லை என்றது எங்கேயோ தூரத்தில் கேட்டது. தெரியாது என்று அவர் சொன்ன இடம்தான் என்னைக் குத்தியது.

"அக்கா பக்கத்திலை இருந்தவ" என்றார் அவர். "நாப்பதைத் தொடப்போற ஆம்பிளை, பொம்மைப் புத்தகம் வாசிக்கிறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வெக்கமாப் போச்சு. கோவிக்காதையும்."

"எனக்கும் உங்களுக்கும் நடுவிலை வேறை என்ன இருந்தது, சொல்லுங்கோ? தாலி கட்டின பிறகு ஒழுங்காக் கதைச்சது அது ஒண்டைத்தானே. அதைத் தெரியாது எண்டிட்டீங்கள். அப்ப நான் ஆர் உங்களுக்கு?"

நான் போனை வைத்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அம்மா சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடவில்லை. அதன் பிறகு கணவர் அழைத்தபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. ஊரில் விசாரிக்கிறவர்களுக்கு அம்மாவே பதில் சொன்னார். "ஏதோ பேப்பர் பிழையாம்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் முகம் வாடிப்போயிற்று. இப்படியே விட்டுவிடலாமா என்றுகூட எனக்கு யோசனை ஓடியது. தாலி கழுத்தில் கிடக்க அப்படி யோசிப்பது பயமாகவும் இருந்தது.

மறுபடி விண்ணப்பிப்பதென்றால், நாங்கள் எழுதிய எல்லாச் செய்திகளும், ஒன்றும் வெட்டாமல், இருவருடைய போனிலிருந்தும் வேண்டும் என்று கனடாவில் அவர் வைத்த சட்டத்தரணி சொல்லியிருந்தார். அதைச் சொல்லக் கணவர் போன் எடுத்தபோதுதான் மீண்டும் கதைத்தேன்.

"அனுப்புறன். அதுக்கு முதல் மச்சாளைக் கூப்பிடுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ. நீங்கள் வாசிக்கிறனீங்களோ இல்லையோ எண்டு என்ரை காதுக்குக் கேக்க அவவுக்குச் சொல்லுங்கோ."

"இப்பவோ?"

"இப்ப."

பிறகு கதவு திறந்தது, "அக்கா" என்று கூப்பிட்டது கேட்டது. மச்சாள் வந்து, "என்னடா, விசா அலுவலோ?" என்றார்.

"இல்லையக்கா. நான் கொமிக்ஸ் வாசிக்கிறனான். இவதான் எதை வாசிக்கிறது எண்டு சொல்லுறவ. விசாக்காரருக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறதே அதைத்தான்."

"உதுக்கே இவ்வளவு பாடு?" என்றார் மச்சாள். அவருடைய செருப்புச் சத்தம் விலகிப் போயிற்று.

"கேட்டதோ?" என்றார் அவர்.

"கேட்டது. இப்பவும் வெக்கமாத்தான் இருக்கோ?"

"ஓம். வெக்கமாத்தான் இருக்கு. ஆனாச் சொன்னனான்."

விசா கிடைக்குமோ தெரியாது. அதை அப்போது நான் நினைக்கவும் இல்லை.

"அது காணும், போதும்" என்றேன்.